தாய்வழிக் குடியும் ஊர்ச்சபையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற் பெண் தலைமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழரின் சமூக அமைப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. தேசவழமை, வெள்ளாளர் மேலாண்மை, சைவ மறுமலர்ச்சி ஆகிய மூன்றையும் கொண்டு ஈழத்துத் தமிழ்ச் சமூகம் முழுவதையும் விளக்கிவிடலாம் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் நோக்குவோர்க்கு இவ்வெண்ணத்தின் குறைபாடு உடனே புலனாகும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடி தாய்வழியே வருகிறது. திருமணமான ஆண் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்கிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன.

இத்தகைய சமூகத்தில் ஊராட்சியிலும் பெண்ணுக்கு ஓர் இடம் இருந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆயின், வரலாறு வேறு கதை கூறுகின்றது. வன்னிமைக் காலந்தொட்டு அண்மைக்காலம் வரை இப்பிரதேசத்தின் ஊர்ச்சபைகள் ஆண்களின் சபைகளாகவே இருந்து வந்துள்ளன. சொத்தும் வமிசமும் பெண்வழியே செல்லும் ஒரு சமூகத்தில் அதிகாரம் மட்டும் ஏன் பெண்ணின் கைக்கு வரவில்லை? 2016 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு இருபத்தைந்து வீத இடத்தை ஒதுக்கிய பின்னர் இவ்வினா புதிய முக்கியத்துவம் பெறுகின்றது. பெண்வழியே செல்லும் உரிமையும் பெண் செலுத்தும் அதிகாரமும் வேறுவேறானவை. இரண்டும் ஓரிடத்திற் சேரும் வாய்ப்பை ஊர் வழக்கமும் அரசின் சட்டமும் மாறிமாறித் தடுத்து வந்துள்ளன என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடியும் வயிற்றுவாரும்

மட்டக்களப்புச் சமூகத்தின் அடிப்படை அலகு குடியாகும். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனா குடி என்றவாறு பெயர்பெற்ற இக்குடிகளில் ஒருவர் தம் தாயின் குடியையே சேர்வர். ஒரே குடிக்குள் மணவுறவு தவிர்க்கப்படும். குடியினுள் ஒரு தாயின் வழிவந்தோரை வயிற்றுவார் என வழங்குவர். கோயில் உரிமைகள், திருவிழா முறைகள், வண்ணக்கர் முதலிய பதவிகள் யாவும் இக்குடிமுறையையும் வயிற்றுவாரையும் ஒட்டியே தீர்மானிக்கப்பட்டன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் போன்ற தேசத்துக் கோயில்களில் இம்முறையினை இன்றும் காணலாம். கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையேயும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. அவர்தம் பள்ளிவாசல்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்து அக்குடியின் சார்பிற் பேசினார். மதத்தாற் பிரிந்த இரு சமூகங்கள் குடிமுறையால் ஒன்றுபடுவது இப்பிரதேசத்தின் தனித்தன்மைகளுள் ஒன்றாகும்.

வண்ணக்கரும் மரைக்காரும் தத்தம் பதவிக்குரிய தகுதியைத் தாயின் மூலமே பெற்றனர். பதவியை வகித்தவர்களோ ஆண்கள். மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற பதவி, இடையிலுள்ள சகோதரியைக் கடந்து சென்றது. அவள் உரிமையின் வாயிலாக இருந்தாள்; உரிமையைச் செலுத்துபவளாக இருக்கவில்லை. தாய்வழிமுறை வேறு, தாயாட்சி வேறு. மோர்கனும் எங்கெல்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாயுரிமை பற்றி எழுதியவற்றைப் படித்த நம்மவர் சிலர், மட்டக்களப்பின் குடிமுறையிற் பண்டைய பெண்ணாட்சியின் எச்சத்தைக் காண முற்பட்டதுண்டு. ஆவணங்களும் வழக்காறுகளும் அம்முடிவுக்கு ஆதாரமளிப்பதாயில்லை. கேரளத்து நாயர் தறவாட்டின் நிலையும் இதுவே. வமிசம் பெண்வழி வந்தது. தறவாட்டின் நிருவாகம் காரணவர் என்னும் மூத்த ஆணிடம் இருந்தது.

மக்களின் நினைவு மட்டும் வேறொரு சித்திரத்தைப் பேணிவைத்திருக்கிறது. 1962 இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' உலகநாச்சி என்னும் அரசகுமாரி மண்முனையை ஆண்ட கதையைக் கூறுகின்றது. அதன் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், ஒரு நாட்டின் தோற்றக் கதையிற் பெண்ணொருத்தி ஆட்சியாளராக நிற்பது கருதற்பாலது. வாவிக்கரைக் கிராமங்களில் வைகாசியிற் கதவு திறந்து திருக்குளிர்த்தி பாடப்படும் கண்ணகி அம்மனும், அரசனின் அவையில் நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணேயாவாள். அவளுக்குப் பூசை செய்யும் கப்புகனாரும், அவளது கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரும் ஆண்கள். அவையேறிய பெண்ணைத் தெய்வமாக்கிய ஊர், தன் அவையிற் பெண்ணை ஏற்றவில்லை.

2. போடியாரும் முல்லைக்காரரும்

பெண்ணின் சொத்துரிமை பற்றிப் பேசும்போது எந்தப் பெண் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். மட்டக்களப்பின் பொருளாதாரம் வேளாண்மையைச் சார்ந்தது. இங்கு வேளாண்மை என்ற சொல்லே நெற்பயிரைக் குறிக்கும். படுவான்கரையின் பெருவயல்கள் போடியார்களிடம் இருந்தன. அவற்றில் உழைத்தோர் முல்லைக்காரர். போடியாரின் மகளுக்கு வீடு, வளவு, வயல், மாடு எனச் சீதனம் அமைந்தது. முல்லைக்காரரின் மகளுக்குக் கிடைத்ததோ ஒரு குடிசையும் களை பிடுங்கும் வேலையுமே. தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கணிக்கப்பட்டோரின் பெண்களுக்குக் கோயிலில் முறையும் இல்லை, வயலிற் பங்கும் இல்லை. தாய்வழி உரிமையின் பயன் வர்க்க வேறுபாட்டுக்கேற்பவே பெண்களைச் சென்றடைந்தது.

காணியுடைய பெண்ணும் தன் காணி பற்றிய தீர்மானத்திற் பங்குகொண்டாளா என்பது அடுத்த வினா. வயலின் உயிர் நீராகும். எக்குளத்தின் நீர் எப்போது திறக்கப்படும், எவ்வயல் முதலில் விதைக்கப்படும், வேலி எப்போது கட்டப்படும் என்பவற்றை வயற்காரர் கூட்டமும் வட்டவிதானையும் தீர்மானித்தனர். தேசாதிபதி வாட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனம் பற்றிய இவ்வழக்கங்களுக்குச் சட்டவடிவம் கொடுத்தது. 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கும் கிராம நீதிமன்றங்களுக்கும் வழிவகுத்தது. நவீன ஊராட்சியின் வித்து இவ்வாறு நீர்ப்பங்கீட்டிலேயே ஊன்றப்பட்டது. சீதன உறுதியிற் பெண்ணின் பெயர் இருந்தது. வயற்காரர் கூட்டத்தில் அவளுக்காகக் கணவனோ தந்தையோ தமையனோ பேசினான். பிரித்தானியர் 'பழைய வழக்கத்தை மீட்டல்' எனக் கூறிச் செய்தது, ஆண்களின் வழக்கத்தைச் சட்டமாக்கியதேயாகும்.

3. சட்டமும் காணியும்

யாழ்ப்பாணத்தின் தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துருப் பெற்றது. மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்துக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. கிறிஸ்தோபர் பிரிற்றோ அதனைத் தொகுத்து 1876 இல் வெளியிட்டார். முதுசச் சொத்து சகோதரியின் மக்களைச் சேரும் முறையை அந்நூல் விளக்குகிறது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15 ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கண்டியச் சட்டத்தையும், முஸ்லிம்களின் சட்டத்தையும், வடமாகாணத் தமிழரின் தேசவழமையையும் ஒதுக்கி வைத்து, ஏனையோர்க்குப் பொதுச் சட்டத்தை வகுத்தது. கிழக்கின் தமிழர் இப்பொதுச் சட்டத்துள் அடங்கினர். எழுத்துருப் பெற்ற ஆண்டிலேயே முக்குவர் சட்டம் வழக்கிழக்கத் தொடங்கிற்று.

இச்சட்டத்தின் விளைவை ஒருதலையாக மதிப்பிடுதல் தவறாகும். பழைய சட்டம் சொத்தை மாமனிடமிருந்து மருமகனுக்குக் கொண்டுசென்றது. அம்முறை தளர்ந்த பின்னர், பெற்றோர் தம் வாழ்நாளிலேயே காணியையும் வீட்டையும் மகளுக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் மேலோங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கரைப்பற்றில் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, வீடும் வயலும் பெண்களின் பெயருக்கு மாறும் இவ்வழக்கத்தைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். ஆகவே, பெண்ணின் பெயரில் உறுதி என்பது மிகப் பழைய மரபின் எச்சமென்பதைவிட, மாறிய சட்டத்தின் நடுவே மக்கள் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பாதுகாப்பு எனக் கொள்வதே பொருந்தும். எனினும், 1876 ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டியது. 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டமே இத்தளையை நீக்கியது. அரை நூற்றாண்டுக் காலம் மட்டக்களப்புப் பெண் தன் பெயரிலிருந்த காணியைத் தானாக விற்கமுடியாத உரிமையாளராக இருந்தாள்.

இன்னொரு தளை முடிக்குரிய காணிகளில் இடப்பட்டது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட காணிகளில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, சட்டத்தின் மூன்றாம் அட்டவணை மகனை முன்னும் மகளைப் பின்னும் வைத்தது. மகளுக்கு வீட்டையும் வளவையும் கொடுப்பதையே கடமையாகக் கொண்ட ஒரு சமூகத்தின்மீது, மகனை முதல்வனாக்கும் இவ்வொழுங்கு சுமத்தப்பட்டது. குடியேற்றத் திட்டங்கள் விரிய விரியத் தாய்வழி வழக்கம் ஆளாத நிலப்பரப்பும் விரிந்தது. 2022 இல் நிகழ்ந்த திருத்தம் இவ்வட்டவணையின் பால்வேறுபாட்டை நீக்கியது. அதற்குள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

4. வாக்குரிமையும் சங்கங்களும்

டொனமூர் அரசியற் சீர்திருத்தத்தின் வழியே 1931 இல் இலங்கைப் பெண்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். ஆசியாவில் இது முன்னோடியான நிகழ்ச்சியாகும். ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. இறுதியில் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதென முடிவாகியது. நேசம் சரவணமுத்து 1932 இல் வட கொழும்பிலிருந்து அரசுக் கழகத்துக்குத் தெரிவானார். கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்த வைத்தியர் மேரி இரத்தினம் 1937 இற் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அவரே 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமப் பெண்களை அமைப்பாக ஒன்றுதிரட்டும் பணிக்கு வித்திட்டவராவார்.

இம்மாற்றங்கள் நகர்சார்ந்த, ஆங்கிலம் கற்ற வகுப்பினரிடையே நிகழ்ந்தவை. மட்டக்களப்பின் கிராமப் பெண்ணுக்கு வாக்குச்சீட்டுக் கிடைத்தது. கிராமச் சங்கத்தின் நாற்காலி கிடைக்கவில்லை. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் உருவான இச்சட்டம் குத்தகை விவசாயியின் பாதுகாப்பை நாடிய முற்போக்கான சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் களை பிடுங்கியும் அறுவடை செய்தும் சூடடித்த களத்தில் நெல் தூற்றியும் உழைத்த பெண் 'விவசாயி' என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. பின்வந்த கமக்காரர் அமைப்புக்களிலும் அச்சொல் பெரும்பாலும் ஆணையே குறித்து நின்றது.

சுதந்திரத்தின் பின் அரச ஆதரவுடன் பரவிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களை இவ்விடத்துக் குறிப்பிடாது விடுதல் முறையன்று. ஊரவர் வாயில் 'மாதர் சங்கம்' என வழங்கும் இவ்வமைப்புக்களிலேயே கிராமப் பெண்கள் கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்கு வைக்கவும், அலுவலகங்களுக்கு மனுக்கொடுக்கவும் பழகினர். தையலும் பன்பின்னலும் கற்பிக்கும் இடமாகவே அரசு அதனைக் கருதியது. பெண்களோ தலைமைப் பயிற்சியை அதனுட் பெற்றுக்கொண்டனர். ஆயின் அச்சங்கத்துக்குக் காணியிலும் நீரிலும் அதிகாரமில்லை. கிராம சபைகளே 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளின் வருகையோடு ஒழிக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் உருவாயின. மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று எனப் பழைய பற்றுக்களின் பெயர்களையே அவை தாங்கின. ஆனால் அக்காலத்தில் மட்டக்களப்பு யுத்தபூமியாக இருந்தது.

5. போரும் கடற்கோளும்

போர் ஆண்களைக் கொன்றது, காணாமலாக்கியது, சிறையிலிட்டது, ஊரைவிட்டு ஓடச் செய்தது. 1987 இலும் 1991 இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படுகொலைகளும், 1990 இற் சத்துருக்கொண்டானில் நிகழ்ந்த படுகொலையும் மக்களின் நினைவிலிருந்து நீங்காதவை. அதே 1990 இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். இரு சமூகங்களிலும் குடும்பத்தின் பாரம் பெண்கள்மீது விழுந்தது. கச்சேரியிலும் இராணுவ முகாமின் வாயிலிலும் நின்று பேசியவர்கள் தாய்மாரே. 1988 மார்ச் 19 ஆம் நாள் மாமாங்கப் பிள்ளையார் ஆலயத்தில், அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி, இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் வேண்டி உண்ணாவிரதம் தொடங்கி, ஏப்ரல் 19 இல் உயிர்நீத்தார். அரசியற் சார்பு எதுவாயினும், கோயில் முன்றலிற் பெண்ணொருத்தி பொதுக்கோரிக்கையை முன்வைத்து அமர்ந்தமை இப்பிரதேசத்தின் பொதுவாழ்வில் ஒரு திருப்பமாகும். 1991 இற் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களிடையே தொடங்கி, 1993 இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், துயருற்ற பெண்களை அமைப்பாகத் திரட்டும் பணியைத் தொடர்ந்து செய்தது.

2004 டிசம்பர் 26 இன் கடற்கோள், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த நாவலடி முதலிய ஊர்களை அழித்தது. அழிந்த வீடுகளிற் பல பெண்களின் சீதன வீடுகள். கிழக்கில் இருநூறு மீற்றர் வரை மீளக் கட்டுதல் தடுக்கப்பட்டமையால், மக்கள் திராய்மடு போன்ற புதிய இடங்களிற் குடியேற்றப்பட்டனர். அங்கே புதிய வீட்டுக்கான பத்திரம் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டது. நிருவாகத்தின் மொழியிற் குடும்பத் தலைவர் என்பவர் ஆண். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடு, ஒரு படிவத்தை நிரப்பியதன்மூலம் மருமகனின் வீடாயிற்று. மகளிர் அமைப்புக்கள் இதனை எதிர்த்தன. கூட்டு உரிமை வேண்டுமென வாதாடின. கடல் அழித்தது வீட்டையே. உரிமையை மாற்றியது படிவம். இந்நிகழ்ச்சி நடந்தபோது மாவட்டத்தின் பிரதேச சபைகளில் ஆற்றல்மிக்க பெண் உறுப்பினர் குழுவொன்று இருந்திருப்பின், அப்படிவம் கேள்வியின்றி நிரப்பப்பட்டிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

6. இருபத்தைந்து வீதம்

மட்டக்களப்பிலிருந்து பெண்கள் உயர்பதவிகளுக்கு வராமலில்லை. இப்பிரதேசத்தின் தொல்வரலாற்றை ஆராய்ந்த தங்கேஸ்வரி கதிராமன் 2004 இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2008 இற் சிவகீதா பிரபாகரன் மட்டக்களப்பு மாநகர முதல்வரானார். ஆனால் தனிப்பட்ட சிலரின் உயர்வு ஊர்ச்சபையின் தன்மையை மாற்றுவதில்லை. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர், நாடு முழுவதிலும் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களின் பங்கு ஏறத்தாழ இரண்டு வீதமாகவே இருந்தது. 2018 பெப்ரவரி 10 இல் நிகழ்ந்த தேர்தலின் பின் அது இருபது வீதத்தைக் கடந்தது. இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றில் இதற்கு ஒப்பான பாய்ச்சல் வேறில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் மாநகர சபையும் இரு நகர சபைகளும் ஒன்பது பிரதேச சபைகளும் இம்மாற்றத்துக்கு உட்பட்டன.

எனினும் ஒதுக்கீடு செயற்படும் முறையை நுணுகி நோக்குதல் வேண்டும். சபையின் உறுப்பினரில் அறுபது வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும், நாற்பது வீதத்தினர் கட்சிகளின் பட்டியலிலிருந்தும் வருவர். வட்டார வேட்பாளருட் பத்து வீதத்தினரும், மேலதிகப் பட்டியலில் ஐம்பது வீதத்தினரும் பெண்களாயிருத்தல் வேண்டும். இதனாற் பெண் உறுப்பினருட் பெரும்பாலோர் பட்டியல் வழியே சபைக்கு வந்தனர். பட்டியலிலிருந்து யார் செல்வது என்பதைத் தேர்தலின் பின் கட்சியே தீர்மானிக்கின்றது. மேலும், இருபது வீதத்துக்குக் குறைந்த வாக்குகளும் மூன்றுக்குக் குறைந்த இடங்களும் பெறும் கட்சிக்குப் பெண்களை நியமிக்கும் கடமை இல்லை. 2025 மே 6 இற் சபைகள் மீண்டும் தெரிவு செய்யப்பட்டன. பெண்கள் கட்சியின் தயவையே பெரிதும் சார்ந்திருக்கும் நிலை நீங்கவில்லை.

பழைய முறையில் வண்ணக்கர் பதவி பெண்வழியே சென்று ஆணிடம் சேர்ந்தது. இன்றைய முறையில் உறுப்பினர் பதவி கட்சித் தலைமையிலுள்ள ஆணின்வழியே சென்று பெண்ணிடம் சேர்கின்றது. இரண்டிலும் பதவியை வழங்குவோரும் வகிப்போரும் வேறுவேறாக உள்ளனர். வட்டாரத்தில் நின்று ஊரவரின் வாக்கை நேரே பெற்ற பெண் ஊருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவள். பட்டியலில் வந்தவளோ கட்சிக்குப் பதில்சொல்ல வேண்டியவளாகிறாள்.

இரண்டாவது குறை அதிகாரத்தின் எல்லை பற்றியது. பிரதேச சபையின் பணிகள் பொதுச் சுகாதாரம், தெரு, சந்தை, நூலகம், பொதுவசதிகள் என்பவற்றோடு அமைகின்றன. காணி பிரதேச செயலகத்தின் விடயம். நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்தினதும் கமக்காரர் அமைப்பினதும் விடயம். கோயில் வண்ணக்கர் சபையின் விடயம். ஊரின் வாழ்வைத் தீர்மானிக்கும் மூன்றும் சபைக்கு வெளியே இருக்கையிற் சபைக்குட் பெண்ணை அனுப்புதல் தேவையான முதற்படி. அது போதுமான படியாகாது.

இந்தியாவில் 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்றிலொரு பங்கு இடங்களும் அதே அளவிலான தலைவர் பதவிகளும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடும் கேரளமும் பின்னர் இதனை அரைப்பங்காக உயர்த்தின. அங்கும் மனைவியின் பெயரிற் கணவன் ஆட்சிசெய்யும் இழிவு இல்லாமலில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட தொகுதியிற் பெண் நேரே மக்களின் வாக்கைக் கேட்கிறாள். தலைவர் பதவியும் அவளுக்கு உரியதாகிறது. இலங்கைச் சட்டத்தில் தவிசாளர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும் பெருங்குறையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மட்டக்களப்புப் பெண்ணிடம் சொத்து இருந்த காலத்தில் அவைக்குச் செல்லும் வழி இல்லாதிருந்தது. அவைக்கு வழி திறந்த காலத்தில் அவளது சொத்தின் அடித்தளம் சட்டத்தாலும் போராலும் கடற்கோளாலும் தளர்ந்திருந்தது என்பது தெளிவாகும். இவ்விரண்டையும் இணைப்பதே இன்றுள்ள பணி. புதிதாக வழங்கப்படும் ஒவ்வொரு காணிப் பத்திரத்திலும் பெண்ணின் பெயர் இடம்பெறுதல் வேண்டும். களத்தில் உழைக்கும் பெண், காணியுடையவளாயினும் கூலிக்காரியாயினும், கமக்காரர் அமைப்பில் வாக்குடைய உறுப்பினராதல் வேண்டும். ஒதுக்கீடு பட்டியலிலிருந்து வட்டாரத்துக்கு மாற்றப்படல் வேண்டும். பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டம் இடந்தருவதால், மாதர் சங்கங்களின் பிரதிநிதிகளை அவற்றில் அமர்த்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சபையின் விருப்பமே போதும்.

தாய்வழிமுறையைப் பழம்பெருமையாகப் பேசுவதால் இவற்றுள் ஒன்றும் நிறைவேறாது. அம்முறை போடியாரின் மகளுக்குத் தந்ததை முல்லைக்காரரின் மகளுக்குத் தரவில்லை. இருவரில் எவருக்கும் அவையில் இடந்தரவில்லை. ஆயினும் வீடு பெண்ணுடையது என்ற எண்ணம் வாவியின் இரு கரைகளிலும், தமிழர் முஸ்லிம் என்ற இரு சமூகங்களிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. ஊரும் பெண்ணுடையதே என்ற அடுத்த எண்ணத்தை அதன்மேற் கட்டியெழுப்புதல் இயலும். உலகநாச்சியின் பெயரால் நாம் நினைவுகூரும் மண்முனையின் பிரதேச சபைகளில் இன்று அமர்ந்திருக்கும் பெண்கள், காணியையும் நீரையும் பற்றிப் பேசத் தொடங்கும் நாளிலேயே இப்பிரதேசத்தின் ஊராட்சி வரலாற்றிற் புதிய அத்தியாயம் தொடங்கும்.